அரை மாத்திரை

"எண்பது மில்லி செகண்டு, மேடம்.
உங்க கால் கிளட்சைத் தேடுறதுக்குள்ள
இது ரெண்டு கியர் மாத்தி முடிச்சிருக்கும்"
என்றான் ஷோரூம் பையன் ஆல்வின்.
பொய்யில்லை.
ஏ.சி. குளிரில் நின்ற அந்த மஞ்சள் கார்
என்னைவிடக் கெட்டிக்காரி.
கொடுத்த காபியைக் குடித்துவிட்டு
எழுந்து வந்துவிட்டேன்.

நான் போர்வெல் போடுகிறவள்.
ஊமச்சிகுளத்தில் ஷெட், மூன்று ரிக் லாரி.
மண் முடிந்து பாறை தொடங்கும் அடியை
மீட்டர் பார்த்துச் சொன்னதில்லை.
குழாயைத் தொட்ட கையில் அதிர்வு மாறும்,
சொல்வேன்.
அதே கைதான் இந்தக் குமிழையும் பிடிக்கிறது.

கொச்சிக்காரர் ஒருவர் ஓட்டி விற்ற வண்டி.
இரண்டே இருக்கை, முதுகுக்குப் பின்னால் எஞ்சின்.
சூடேறும்வரை மூன்றாம் கியர் முரண்டு பிடிக்கும்.
"பிரிச்சு சரி பண்ணிரவாக்கா?" என்கிறான் மெக்கானிக் மூக்கையா.
வேண்டாம்.
விடிந்ததும் என்னிடம் மறுத்துப் பேச
யாராவது இருக்கட்டும்.

ஞாயிறு நாலரை மணிக்கு
நத்தம் ரோடு பாலத்தில் ஏறினால்
விளக்குக் கம்பங்கள் மட்டும்தான்.
கிளட்சை மிதிக்கிறேன்:
எழுத்தின் தலையில் புள்ளி விழுகிறது.
எஞ்சின் வெறும் உயிர், சக்கரம் வெறும் மெய்,
ஒன்றை ஒன்று தெரியாதது மாதிரி
அரை மாத்திரை நேரம்.
காலை எடுக்கிறேன்.
புள்ளி அழிந்து
'கா' என்று நீள்கிறது பாலம்.

அந்த அரை மாத்திரையைத்தான்
ஆல்வினின் கார் விழுங்கிவிடுகிறது.
அதற்கு அவன் வைத்திருக்கும் பெயர்
மிச்சம்.

போன தையில் என் தம்பி செந்தாமரைக்கண்ணன்
அதே மஞ்சளை வாங்கினான்.
சிறுமலை ஏறினோம், பதினெட்டு கொண்டை ஊசி.
நான் மேலே போய்ச் சேர்ந்தபோது
அவன் காலடியில் வாழைப்பழத் தோல் இரண்டு,
கையில் மூன்றாவது.
தோற்றதில் வெட்கமில்லை.
"எந்த வளைவுடா இடக்குப் பண்ணுச்சு?" என்றேன்.
மென்றபடி யோசித்தான்.
"வளைவா?"

எனக்கு ஏழாவது தெரியும்:
இரண்டுக்கு இழுத்தது நான்கில் விழுந்து
வண்டி இருமி, குலுங்கி, நின்றே போனது;
பின்னால் வந்த பால் வேன்காரர்
ஹாரனிலேயே என் வம்சத்தை விசாரித்தார்.

பதினொன்றாவதும் தெரியும்.
வலது பாதத்தின் பாதி பிரேக்கில்,
அதன் ஓரம் மட்டும் ஆக்ஸிலேட்டரில்,
இடது கால் உள்ளே,
ஒரு உறுமல்,
குச்சி தானாக வழுக்கி இறங்கியது.
வண்டி தலையைக்கூட ஆட்டவில்லை.
லாரியில் தொடங்கிய இருபத்தாறு வருஷத்தில்
அப்படி அமைந்தது நாலு தடவை இருக்கும்.
ஒரு ஆள் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை கோரிப்பாளையத்தில்
இதெல்லாம் செல்லாது.
ஒன்று, நியூட்ரல், ஒன்று, நியூட்ரல்,
ஷேர் ஆட்டோவின் பின்புறத்தை வெறித்து
நாற்பது நிமிடம்.
இடது முட்டிக்குள் யாரோ ஸ்குரூ முடுக்குகிறார்கள்.
அப்போதெல்லாம்
ஆல்வினின் நம்பரை எடுத்துப் பார்ப்பதுண்டு.
மறைப்பானேன்.

எலும்பு டாக்டர் ஜெசிந்தா
படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
"ஜவ்வு தேஞ்சிருக்கு.
கிளட்ச் வண்டி இனிமே ஆகாது.
ராத்திரி அரை மாத்திரை போடுங்க."
சிரித்துவிட்டேன்.
அவர் படத்தை இன்னொரு முறை பார்த்தார்.

உடைத்ததில் ஒரு பாதியை விழுங்கினேன்.
மறு பாதி
கியர்க் குச்சிக்கு முன்னால்
சில்லறை போடும் குழியில் கிடக்கிறது.
மற்ற கியர்களில் பேசாது.
மூன்றில் மட்டும்
கிலுகிலுக்கிறது.